பயோகேஸில் கந்தகம் எடுக்க எதை வாங்குவது? ஜியோலைட், இரும்பு, கரி, பாக்டீரியா: ஓர் ஒப்பீடு

நாமக்கல் கோழி எச்சம், சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர், சர்க்கரை ஆலைகளின் பிரஸ்மட் (கரும்புச் சாற்றை வடிகட்டிய சேறு), டிஸ்டிலரிகளின் ஸ்பென்ட் வாஷ் (சாராயம் வடித்த பின் மிஞ்சும் கழிவுநீர்) என்று தமிழ்நாட்டில் பயோகேஸ் எடுக்கத் தோதான கழிவுக்குப் பஞ்சமே இல்லை. 2018 அக்டோபரில் மத்திய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கிய பிறகு, இந்த வாயுவைச் சுத்தம் செய்து, அழுத்தி, சிபிஜி (அழுத்தப்பட்ட பயோகேஸ்) என்று வண்டிகளுக்கு விற்கலாமே என்று பல ஆலைக்காரர்கள் கணக்குப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் எப்போதும் தகராறு செய்கிற அம்சம் கந்தகம்.

கழிவில் உள்ள கந்தகம், அதை மக்கவைத்து வாயு எடுக்கும் டைஜெஸ்டருக்குள் ஹைட்ரஜன் சல்பைடாக மாறி மீத்தேனோடு சேர்ந்து வெளியே வருகிறது. மாட்டுச்சாணத்திலிருந்து வரும் வாயுவில் சில நூறு பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கலாம். கோழி எச்சத்தில் ஆயிரங்களில் போகும். கந்தக அமிலமும் கந்தகப் புகையும் பட்டு வந்த ஸ்பென்ட் வாஷில் 1 விழுக்காட்டையே தாண்டும். ஆனால் சிபிஜிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 16087:2016, ஹைட்ரஜன் சல்பைடையும் சேர்த்து மொத்தக் கந்தகம் ஒரு கனமீட்டரில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. முழுதும் ஹைட்ரஜன் சல்பைடு என்று வைத்தால் ஏறக்குறைய 14 பிபிஎம். இது அதிகக் கெடுபிடி போலத் தெரியலாம். ஆனால் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அதே 14 பிபிஎம், 0.28 கிலோபாஸ்கல் பகுதி அழுத்தமாகிவிடுகிறது (கலவையில் அந்த ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம்). எண்ணெய், எரிவாயுத் துறையின் நேஸ் தரநிலையில், ஈரம் சேர்ந்தால் எஃகில் விரிசல் விழும் அபாயத்தைக் கணக்கில் எடுக்கத் தொடங்கும் எல்லை 0.3 கிலோபாஸ்கல். தரம் அந்த எல்லைக்கு ஒட்டியே நிற்கிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “கொஞ்சம் கூடினால் என்ன?” என்று கேட்கிற இடமில்லை இது.

இந்த வேலைக்கு இப்போது ஜியோலைட்டை விற்கிறார்கள். வாதம் கேட்க நன்றாகவே இருக்கிறது. இரும்பு உருண்டையும் கரியும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது, ஜியோலைட்டோ சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வேலைக்குத் தயாராகிவிடும், ஆகவே ஒரே முதலீடு, பல வருட உழைப்பு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ‘விட்டுவிடும்’ என்ற இடத்தில்தான் முழு முடிவும் இருக்கிறது. ஜியோலைட் கந்தகத்தை அழிப்பதில்லை, திடப்பொருளாக மாற்றிக் கட்டிப்போடுவதுமில்லை. ஒரு குழாயிலிருந்து எடுத்து இன்னொரு குழாயில் விடுகிறது. அந்த இரண்டாவது குழாய் எங்கே போகிறது என்று சொல்ல முடியாத ஆலை ஜியோலைட்டை வாங்கக் கூடாது. இதுதான் என் முடிவு. இனி அதற்கான கணக்கைப் பார்ப்போம்.

ஒரு மாதிரி ஆலை

மூலப்பொருள் கோழி எச்சம். நாளுக்கு 5000 கனமீட்டர் கச்சா பயோகேஸ். மீத்தேன் 60 விழுக்காடு, மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் சல்பைடு 2000 பிபிஎம். டைஜெஸ்டரிலிருந்து 35 டிகிரி செல்சியஸில், ஈரம் நிறைந்து வருகிறது. இதிலிருந்து நாளுக்குச் சுமார் 2 டன் சிபிஜி கிடைக்கும். நடுத்தர அளவு ஆலை என்று சொல்லலாம்.

2000 பிபிஎம் என்றால் 5000 கனமீட்டரில் 10 கனமீட்டர் ஹைட்ரஜன் சல்பைடு, எடையில் நாளுக்குச் சுமார் 14 கிலோ. எந்தக் கருவியை வாங்கினாலும் இந்த 14 கிலோ எங்காவது போயே ஆக வேண்டும். விற்பனையாளர் காட்டும் வரைபடத்தில் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

ஜியோலைட் எப்படி வேலை செய்கிறது

ஜியோலைட் என்பது அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படிகம். உள்ளே ஒரே அளவிலான நுண்துளைகள், அவற்றுக்குள் சோடியம், கால்சியம் போன்ற அயனிகள். துளைக்குள் நுழையும் அளவுள்ள மூலக்கூறு, அதிலும் மின்முனைவு உள்ள மூலக்கூறு, அயனியோடு ஒட்டிக்கொள்ளும். பள்ளிப் பாடத்தில் பரப்பு கவர்தல் என்று படித்தது இதுதான். யூனியன் கார்பைடு நிறுவனத்தில் ராபர்ட் மில்டன் 1940களின் கடைசியில் ஏ, எக்ஸ் வகைகளைச் செயற்கையாக உருவாக்கினார். 1954 முதல் அவை சந்தையில் இருக்கின்றன. பிளான்ட்டில் வேலை செய்கிறவர்கள் மாலிகுலர் சீவ் என்றே சொல்வார்கள்.

துளை அளவைப் பார்த்தால் ஹைட்ரஜன் சல்பைடுக்கு எந்தத் தடையும் இல்லை. அதன் மூலக்கூறு விட்டம் சுமார் 3.6 ஆங்ஸ்ட்ராம். 4ஏ, 5ஏ, 13எக்ஸ் என்று துளை அளவு கூடிக்கொண்டே போகும் வகைகள் எல்லாவற்றிலும் நுழையும். மெர்காப்டன் என்பது இன்னொரு கந்தகச் சேர்ம வகை; அதில் மெத்தில், எத்தில் மெர்காப்டன்களுக்கு 5ஏ போதும். கிளை விட்ட பெரிய மெர்காப்டன்களுக்கு 13எக்ஸ் வேண்டும். சிக்கல் நுழைவதில் இல்லை, யார் முதலில் இடம் பிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஜியோலைட் முதலில் பிடிப்பது தண்ணீரை. அதற்கடுத்து மெர்காப்டன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் டை ஆக்சைடு, கடைசியில் மீத்தேன். இந்த வரிசை ஏ, எக்ஸ் வகைகளுக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். மேல் வரிசைக்காரர் வந்தால் கீழே உட்கார்ந்தவர் எழுந்து போக வேண்டியதுதான்.

இப்போது நம் மாதிரி ஆலைக்கு வருவோம். 35 டிகிரியில் ஈரம் நிறைந்த வாயுவில் நீராவி மட்டும் 5.6 விழுக்காடு. நாளுக்குச் சுமார் 200 கிலோ தண்ணீர். நாம் பிடிக்க நினைப்பதோ 14 கிலோ. அந்த வாயுவை அப்படியே ஜியோலைட்டில் விட்டால், நீங்கள் வாங்கியது ஒரு விலை உயர்ந்த உலர்த்தி, அவ்வளவுதான். சரி, சில்லர் வைத்து 5 டிகிரிக்குக் குளிர்விக்கலாம். அப்போதும் நாளுக்கு முப்பது கிலோவுக்கு மேல் தண்ணீர் மிஞ்சும். ஹைட்ரஜன் சல்பைடைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதற்கு மேல் 40 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு பக்கத்திலேயே நின்று போட்டியிடுகிறது. அது பலவீனமாகத்தான் ஒட்டுகிறது, ஆனால் எண்ணிக்கையில் இருநூறு மடங்கு. உலர்ந்த நைட்ரஜனில் கலந்து ஆய்வகத்தில் அளந்த கொள்ளளவு, விளம்பரத் தாளில் அழகாக இருக்கும். உங்கள் வாயுவில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

அந்த 14 கிலோ எங்கே போகும்

ஜியோலைட்டின் செயல்படும் கொள்ளளவு எடையில் 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கந்தகத்தைத் தாங்க 700 கிலோ ஜியோலைட் வேண்டும். இது பெரிய அளவு இல்லை. இரண்டு டவர், ஒன்று பிடிக்கும்போது மற்றது புதுப்பிக்கப்படும். வரைபடத்தில் கச்சிதமாக இருக்கும்.

புதுப்பிக்க 200 முதல் 300 டிகிரி வரை சூடான உலர்ந்த வாயுவை எதிர்த்திசையில் செலுத்த வேண்டும். பிறகு குளிர்விக்க வேண்டும். இதற்குச் சுத்தம் செய்த வாயுவில் ஒரு பங்கு செலவாகும். ஹீட்டர் செலவு தனி. வெளியே வருகிற வாயுவில் அந்த 14 கிலோ அப்படியே இருக்கும். அதுவும் சீராக வராது. டவர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தொட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு குவியலாகக் கிளம்பும். உள்ளே போன செறிவைப் போலப் பல மடங்கு உச்சம் கொஞ்ச நேரத்துக்கு வரும். ஹைட்ரஜன் சல்பைடில் 100 பிபிஎம் என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் நியோஷ் வகுத்த எல்லை. அந்தச் செறிவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். ஆயிரக்கணக்கான பிபிஎம் ஓடும் குழாயில் ஒரு கேஸ்கெட் கசிந்தால் பக்கத்தில் நிற்பவர் திரும்பி ஓடவும் நேரம் இருக்காது.

அதை ஃபிளேரில் எரித்துவிடலாம் என்பார்கள். எரித்தால் 14 கிலோ ஹைட்ரஜன் சல்பைடு 26 கிலோ சல்பர் டை ஆக்சைடு ஆகும், ஒவ்வொரு நாளும். கழிவைச் சுத்தமாக்க ஆரம்பித்த திட்டம் பக்கத்து ஊருக்கு அமிலப் புகை அனுப்பும் திட்டமாகிவிடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பண்ணையைச் சுற்றி வாழ்கிறவர்களிடம் இதைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

பெரிய சுத்திகரிப்பு ஆலைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே கிளாஸ் யூனிட் உண்டு. 1883-இல் கார்ல் ஃபிரீட்ரிக் கிளாஸ் கண்ட முறையின் வழிவந்தது. ஹைட்ரஜன் சல்பைடில் ஒரு பங்கை எரித்து, மீதியோடு வினைபுரியவைத்துத் திடக் கந்தகமாக எடுத்து உரக் கம்பெனிக்கு விற்றுவிடுவார்கள். நாளுக்கு 14 கிலோவுக்கு யாரும் கிளாஸ் யூனிட் கட்ட மாட்டார்கள்.

இரும்பு

இரும்பு ஆக்சைடு இந்தத் துறையில் பழைய கை. 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கரி வாயுவால் தெருவிளக்கு எரித்த காலத்திலேயே அதைச் சுத்தம் செய்யப் பயன்பட்டது. மரச்சீவலில் இரும்பு ஆக்சைடைப் பூசியது ஒரு வகை, உருண்டையாகச் செய்தது இன்னொரு வகை. ஹைட்ரஜன் சல்பைடோடு வினைபுரிந்து இரும்பு சல்பைடாகிவிடும். கந்தகம் திடப்பொருளில் கட்டுண்டுவிடுகிறது. ஜியோலைட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். இன்னொன்று: இரும்புக்கு ஈரம் வேண்டும். காய்ந்தால் வேலை செய்யாது. பயோகேஸோ ஈரத்தோடுதான் வருகிறது. ஜியோலைட்டுக்குப் பகையான ஈரம் இதற்குத் துணை.

கணக்குப்படி 1 கிலோ தூய இரும்பு ஆக்சைடு 0.64 கிலோ ஹைட்ரஜன் சல்பைடைப் பிடிக்கும். சந்தை உருண்டையில் அவ்வளவு கிடைக்காது. கிலோவுக்கு 200 கிராம் என்று எடுத்துக்கொண்டால், நம் ஆலைக்கு நாளுக்கு 70 கிலோ, மாதம் 2 டன்னுக்கு மேல். 2000 பிபிஎம்மை முழுக்க இரும்பிலேயே எடுப்பதில் அர்த்தமில்லை என்பது இங்கே தெரிகிறது. வாங்குவது, ஏற்றுவது, இறக்குவது, கழிவாகப் புதைப்பது எல்லாமே மாதம் 2 டன்.

இறக்கும்போது ஓர் ஆபத்து உண்டு. பயன்படுத்திய இரும்பு சல்பைடு காற்றுப் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். டவரைத் திறக்கும் முன் நைட்ரஜன் விட்டு, உள்ளே தண்ணீர் தெளித்து நனைத்து, வெளியே கொட்டிய பிறகும் ஈரமாக வைத்திருந்து, மெதுவாக ஆறவிட வேண்டும். டவருக்குள் ஆளை இறக்கி மண்வெட்டியால் சுரண்டச் சொல்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டிகளில் நம் ஊரில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள், அதே வாயுதான் இங்கேயும். அடிப்பக்கம் திறந்து கொட்டும்படி வடிவமைத்த டவரை மட்டுமே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் இதில் பேரம் பேச வேண்டாம்.

இரும்பைத் தூளாக, கரைசலாக டைஜெஸ்டருக்குள்ளேயே போடுவது தனி வழி. ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் சல்பைடு அங்கேயே வீழ்படிவாகிவிடும், வாயுவில் வராது. பம்பு, டேங்க் தவிரக் கருவி ஒன்றும் தேவையில்லை. ரசாயனச் செலவு நாள்தோறும் ஓடும், கரைசல் அரிக்கும் தன்மை உள்ளது. இருந்தாலும் திடீரென ஒருநாள் கந்தகம் எகிறும் ஆலைகளுக்கு இது நல்ல கைக்காவல். ஏனோ பல திட்ட அறிக்கைகளில் இதைச் சேர்ப்பதே இல்லை.

கரி

ஆக்டிவேட்டட் கார்பனில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் அயோடைடு போன்றவற்றை ஏற்றி விற்கிறார்கள். கொஞ்சம் ஆக்சிஜன், கொஞ்சம் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடைத் தனிமக் கந்தகமாக மாற்றித் துளைகளில் அடைத்துக்கொள்ளும். மிகக் குறைந்த அளவுக்கு இறக்குவதில் கரி கெட்டிக்காரன். கூடவே மெர்காப்டன், சிலாக்ஸேன் என்ற சிலிக்கான் சேர்மம் போன்றவற்றிலும் கொஞ்சம் பிடிக்கும். ஆனால் நீர்த்துளி நேரடியாகப் பட்டால் கெட்டுப்போகும். வினை வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் படுகை சூடேறும். விலையும் இரும்பைவிட அதிகம். முழு 2000 பிபிஎம்முக்கு இதைப் போட்டால் பணம் கரியாகும். கடைசிக் கட்டத்துக்கு நல்லது.

பாக்டீரியா

கந்தகத்தை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது கொஞ்சம் ஆக்சிஜன், ஈரம், சத்து. ஹைட்ரஜன் சல்பைடைத் தனிமக் கந்தகமாகவோ சல்பேட்டாகவோ மாற்றிவிடும். அதிகக் கந்தகத்தை மலிவாக எடுக்க இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. டன் கணக்கில் எதையும் வாங்க வேண்டாம், கொட்டவும் வேண்டாம். கிடைக்கிற கந்தகச் சேற்றை வயலுக்கு உரத்தோடு சேர்க்கலாம்.

ஆனால் சிபிஜி விற்க நினைப்பவர் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. இதன் மலிவான வடிவம், டைஜெஸ்டரின் மேல்பகுதியிலோ வாயுவைக் கழுவும் ஸ்க்ரப்பரிலோ வாயுவோடு நேரடியாக 2 முதல் 6 விழுக்காடு காற்றைக் கலப்பது. ஆக்சிஜனைப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் அப்படியே தங்கும். 5 விழுக்காடு காற்றுக் கலந்தால் நம் ஆலையில் நாளுக்குச் சுமார் 200 கனமீட்டர் நைட்ரஜன் சேர்கிறது. கார்பன் டை ஆக்சைடை எடுத்த பிறகு 3000 கனமீட்டர் மீத்தேனோடு இந்த 200 நின்றால், விற்கும் வாயுவில் 6 விழுக்காடு நைட்ரஜன். தரமோ கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து 10 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, மீத்தேன் 90-க்குக் குறையக் கூடாது என்கிறது. நைட்ரஜனைப் பின்னால் பிரித்தெடுப்பது மிகக் கடினம். மிஞ்சுகிற ஆக்சிஜனுக்கும் 0.5 விழுக்காடு உச்சவரம்பு இருக்கிறது. காற்றின் அளவு கட்டுப்பாடு தவறினால் மீத்தேனும் காற்றும் வெடிக்கும் கலவையாகவும் கூடும்.

இன்ஜின் ஓட்டி மின்சாரம் எடுப்பவருக்கு இந்த நைட்ரஜன் பிரச்சினையே இல்லை. காற்றுக் கலக்கும் மலிவான ஸ்க்ரப்பரே போதும், வேறு எதுவும் வாங்க வேண்டாம். சிபிஜிக்காரர் இரண்டு பாத்திர வகையை வாங்க வேண்டும். முதல் பாத்திரத்தில் காரக் கரைசல் வாயுவைக் கழுவி ஹைட்ரஜன் சல்பைடை எடுக்கும். இரண்டாவதில், வாயுவிலிருந்து தனியாக, அந்தக் கரைசலுக்குக் காற்று ஊதிப் பாக்டீரியாவை வேலை செய்யவைத்துக் காரத்தைத் திரும்பப் பெறுவார்கள். காற்று வாயுவைத் தொடுவதே இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் விற்க முடியாத வாயுவைத் தயாரிப்பதைவிட மலிவு.

ஜியோலைட் செய்யும் இன்னொரு வேலை

கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் சேர்ந்தால் கார்பனைல் சல்பைடும் தண்ணீரும் உண்டாகலாம். சாதாரணமாக இந்த வினை அதிகம் நகராது. ஜியோலைட்டில் நகரும். படிகப் பரப்பு வினையைத் தூண்டுகிறது, உருவாகும் தண்ணீரை ஜியோலைட் உடனே பிடித்துக்கொள்வதால் சமநிலை முன்னோக்கியே தள்ளப்படுகிறது. 40 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு உள்ள பயோகேஸ் இதற்கு ஏற்ற சூழல். கார்பனைல் சல்பைடு ஜியோலைட்டில் பலமாக ஒட்டாது, வழுக்கி வெளியே போய்விடும். வெளியே நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு மீட்டர் பூஜ்யம் காட்டும். பின்னால் எங்காவது ஈரம் கிடைத்தால் அது மறுபடி ஹைட்ரஜன் சல்பைடாகத் திரும்பும். ஆகவே ஜியோலைட் விற்பவர் உத்தரவாதம் தரும்போது ஹைட்ரஜன் சல்பைடுக்கு மட்டும் தந்தால் ஏற்காதீர்கள், மொத்தக் கந்தகத்துக்குக் கேளுங்கள்.

எங்கே ஜியோலைட்டை அடிக்க ஆளில்லை

இவ்வளவு சொன்னதால் ஜியோலைட் மேல் எனக்குக் கோபம் என்று நினைக்க வேண்டாம். அதற்கென்று இடங்கள் இருக்கின்றன, அங்கே மற்ற எதுவும் பக்கத்தில் வர முடியாது.

இயற்கை எரிவாயு ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அமீன் கரைசல் ஹைட்ரஜன் சல்பைடையும் கார்பன் டை ஆக்சைடையும் எடுத்துவிடும். மெர்காப்டன் மிக வலுவற்ற அமிலம் என்பதால் அமீனிடமிருந்து தப்பிவிடும். எல்என்ஜி ஆக்க வேண்டுமென்றால் வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும், ஆகவே எப்படியும் ஒரு ஜியோலைட் உலர்த்தி தேவை. அதே டவரில் கீழே 13எக்ஸ் அடுக்கு ஒன்றைச் சேர்த்தால் தண்ணீரும் மெர்காப்டனும் ஒரே மூச்சில் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு ஏற்கெனவே இல்லை, போட்டியும் இல்லை. புதுப்பிக்கப் பயன்பட்ட வாயுவைக் கழுவி எடுக்கப் பக்கத்திலேயே வசதி, கந்தகத்துக்குக் கிளாஸ் யூனிட். இரண்டாவது குழாய்க்குப் போக இடம் இருக்கிறது. எல்பிஜியை உலர்த்திச் சுத்தம் செய்வதும் ஏறக்குறைய இதே கதை.

ஜப்பானில் 2009 முதல் வீடுகளுக்கு விற்கும் எனெ-ஃபார்ம் என்ற எரிமின்கலன் கருவியும் நல்ல உதாரணம். நகரக் குழாய் வாயுவில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் வாசனைப் பொருள்களே கந்தகச் சேர்மங்கள், டைமெத்தில் சல்பைடு, மூவிணைய பியூட்டைல் மெர்காப்டன் போன்றவை. சில பிபிஎம்தான், ஆனால் எரிமின்கலனின் வினையூக்கிக்கு அதுவே விஷம். அங்கே வெள்ளி அயனி ஏற்றிய ஒய் வகை ஜியோலைட் சாதாரண வெப்பநிலையிலேயே அந்தச் சேர்மங்களைப் பிடிக்கும் என்று டோக்கியோ கேஸ் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். வெள்ளியும் கந்தகமும் வேதிப்பிணைப்புக்கு நெருங்கிய பலத்தோடு ஒட்டும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் யாங் குழு 2003-இல் தாமிரம், வெள்ளி ஏற்றிய ஒய் ஜியோலைட்டால் டீசலிலும் பெட்ரோலிலும் கந்தகத்தைப் பிடித்துக் காட்டியதும் இதே தத்துவத்தில்தான். வெள்ளிக்கு விலை அதிகம், ஆனால் கந்தகமே சில கிராம்தான் என்னும்போது விலை தாங்கும். நாளுக்கு 14 கிலோவுக்கு வெள்ளி ஜியோலைட் என்று யாராவது சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

உர ஆலைகள் வேறு வகை. மணலியிலும் தூத்துக்குடியிலும் நாஃப்தாவிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு மாறிய ஆலைகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் நிக்கல் வினையூக்கியைக் காப்பாற்ற வாயுவை எப்படியும் சூடாக்குகிறார்கள், ஆகவே 350 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் துத்தநாக ஆக்சைடே வழக்கம். 0.1 பிபிஎம்முக்குக் கீழே இறக்கிவிடும். அங்கே ஜியோலைட்டைக் கொண்டுவர அவசியமில்லை. அனல் மின் நிலையப் புகையிலும் அப்படித்தான். அவ்வளவு ஈரத்தில் ஜியோலைட் நிற்காது, சுண்ணாம்புக்கல் ஸ்க்ரப்பர் போதும்.

இறால் குட்டைகளுக்கு விற்கும் ஜியோலைட் பவுடரை டவரில் போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது இயற்கைக் கனிமம், தூள் வடிவம், கலப்படமும் கூடுதல். வாயு அதன் வழியே ஓடாமல் அடைத்துக்கொள்ளும். வேண்டாம்.

நம் ஆலைக்கு நான் சொல்வது

முதல் கட்டமாக இரண்டு பாத்திர உயிரியல் ஸ்க்ரப்பர். 2000 பிபிஎம்மை 100 அளவுக்குக் கொண்டுவந்தால் போதும், அதற்கு மேல் அதைக் கசக்க வேண்டாம். மிச்சம் நாளுக்கு 0.7 கிலோ. இரண்டாம் கட்டமாக இரும்பு உருண்டை, இரண்டு டவர் தொடராக. முன்பு போட்ட அதே கணக்கில் மாதம் 2 டன் என்பது சுமார் 100 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. முதல் டவருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அளவெடுக்க ஒரு வால்வு வையுங்கள். நடுவில் கந்தகம் தெரிந்ததும் முதல் டவரை மாற்றி, புதியதை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிச் செய்தால் முதல் டவரின் முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம், தரமும் தவறாது. கோழி எச்சத்தில் கந்தகம் ஏறி இறங்குவதால் ஃபெரிக் குளோரைடு பம்பு ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த ஆலையில் ஜியோலைட்டே இல்லையா? இருக்கிறது, கந்தகத்துக்குப் பிறகு. கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்கும் பிஎஸ்ஏ டவரில் 13எக்ஸோ கார்பன் மாலிகுலர் சீவோ இருக்கும். பிஎஸ்ஏ அழுத்தத்தை ஏற்றி இறக்கித்தான் புதுப்பிக்கிறது, சூடாக்குவதில்லை. அந்தப் புதுப்பிப்பில் கார்பன் டை ஆக்சைடு போய்விடும், ஹைட்ரஜன் சல்பைடு போகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிடும். ஆகவே கந்தகத்தை முன்னால் எடுப்பது, பின்னால் இருக்கும் விலை உயர்ந்த ஜியோலைட்டைக் காப்பாற்றவும்தான். அப்புறம், கனமீட்டருக்கு 5 மில்லிகிராம் என்ற ஈர வரம்பைத் தொட சில்லரால் முடியாது, ஜியோலைட் உலர்த்தி வேண்டும். அங்கே 3ஏ கேளுங்கள். அதன் துளைக்குள் தண்ணீர் மட்டுமே வசதியாக நுழையும், ஹைட்ரஜன் சல்பைடு நுழையாது, கார்பனைல் சல்பைடுத் தொல்லையும் பெரும்பாலும் தவிரும்.

மூலப்பொருள் மாறினால் முடிவும் மாறும். சாணம் மட்டும், 300 பிபிஎம்முக்குக் கீழே என்றால் உயிரியல் ஸ்க்ரப்பரையே விட்டுவிட்டு இரும்பில் முடித்துவிடலாம். ஸ்பென்ட் வாஷ், 1 விழுக்காட்டுக்கு மேல் என்றால் பெரிய உயிரியல் அமைப்போ, இரும்புச் சேர்மக் கரைசலில் கந்தகத்தைப் பிரித்தெடுக்கும் ரெடாக்ஸ் முறையோதான் வழி. கடைசிக் கட்டத்தில் ஜியோலைட்டை வைத்தே தீருவேன் என்றால் அதற்கும் ஒரு நேர்மையான அமைப்பு உண்டு. உலர்த்தி, கார்பன் டை ஆக்சைடை எடுத்த பிறகு வைத்து, புதுப்பிக்கப் பயன்பட்ட வாயுவை உயிரியல் ஸ்க்ரப்பரின் வாசலுக்கே திருப்பி அனுப்பலாம். கந்தகம் அங்கே திடமாகிவிடும், ஃபிளேர் தேவையில்லை. சூடாக்கும் செலவு நாளுக்கு 3.5 கிலோ இரும்பு உருண்டையின் விலையைவிடக் குறைவு என்று விற்பவர் காட்டட்டும், அப்போது பார்க்கலாம்.

விலைப்புள்ளி வாங்கும்போது எல்லோரிடமும் ஒரே தகவலைக் கொடுத்துக் கேளுங்கள்: வாயுவின் வெப்பநிலை, ஈரம், கார்பன் டை ஆக்சைடு, ஒரு வாரத்தில் பார்த்த அதிகபட்ச ஹைட்ரஜன் சல்பைடு. சராசரியைக் கொடுக்காதீர்கள். பதிலில் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும். அந்த நிலைமையில், அந்த ஈரத்தோடு, கிலோவுக்கு எவ்வளவு பிடிக்கும். பிடித்த கந்தகம் எந்த வடிவத்தில் எந்தக் குழாய் வழியே வெளியேறும், அல்லது எந்தக் குழியில் போய்ச் சேரும். படுகையை மாற்றுபவர்கள் யார், டவருக்குள் ஆள் இறங்காமல் அதை எப்படிச் செய்வார்கள். மூன்றாவதற்குப் பதில் தராதவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தத் தாளை ஒதுக்கி வையுங்கள்.